மேலே தமிழ், கீழே தெலுங்கு

மூன்றாவது குடத்தை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தபோதுதான் தரணியின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. நாலு பெண்கள் பிடித்திருந்த புடவை மறைப்புக்கு அந்தப் பக்கம், வீட்டு முன்னறையில் இருந்த அம்மாவின் கம்ப்யூட்டர் கடைக்குள்ளிருந்து, மாமன் மகன் கிஷோர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதுல இருக்கறத மொத்தமா அழிச்சிட்டு நம்ம சிஸ்டத்த ஏத்திடறேன் நைனா. அரை மணி நேர வேல. அப்பால நோட்டீஸ் அடிக்கறது ரெண்டு நிமிஷம்."

"செய்யி, செய்யி. நாலு மணிக்கு எடுக்கணும்" என்றது அவன் அப்பா வேதாச்சலத்தின் குரல்.

தரணியின் கை அப்படியே நின்றது.

"ஊத்தும்மா" என்றாள் செல்லியம்மா. பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவின் வலது கட்டைவிரலில் மஞ்சளையும் சீயக்காயையும் குழைத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் பிரிண்டர் மை கறுப்பாக ஏறியிருந்தது. "இன்னா தேச்சாலும் போவ மாட்டேங்குதே இது."

"உடு பெரிம்மா. அது ஒண்ணும் அழுக்கு இல்ல."

நேற்றுக் காலை பதினொரு மணி வரைக்கும் வேலை செய்த கை அது. பிரிண்டருக்கு மை ஊற்றிவிட்டு, பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா அம்சவேணி "மாரு அடைக்கறாப்ல இருக்குது" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தியவேட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். திருப்பதியிலேயே வேலை பார்க்கும் தரணி, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். விடிகாலை வரை இருந்தாள் அம்மா. நாற்பத்தெட்டு வயது. கடைசியாகப் பேசியது, "ரங்கையா ஊட்டுப் பத்திரிகை பாதியில நிக்குது" என்பதுதான். சாமிக்கு ஒரு கும்பிடு, மகளுக்கு ஒரு ஆசீர்வாதம், ஒன்றும் கிடையாது. வேலைதான்.

தரணி அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அதைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

குடத்தை வைத்துவிட்டு மறைப்பைத் தூக்கினாள்.

"ஏய், எங்கடி போற? ஈரத் துணியோட, ஆம்பளைங்க இருக்காங்க!"

"அம்மாவோட பொட்டிய அழிக்கறானாம் பெரிம்மா."

செல்லியம்மாவின் கை மஞ்சளோடு நின்றது. "எல்லாரு போட்டோவும் இருக்குதே, அதையா?"

"அதேதான்."

"அய்யோ, எங்க ஊட்டுக்காரு மூஞ்சி அதுலதான இருக்குது! என்னாண்ட வேற இல்லியே!" செல்லியம்மா பிணத்தின் கையை மெதுவாக நெஞ்சின் மேல் வைத்தாள். பிறகு மறைப்பைப் பிடித்திருந்தவளிடம் சொன்னாள்: "நீ இதத் தொடச்சி உடு, நான் இவளோட போறேன்."

*

சத்தியவேட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் சாவு நோட்டீஸ் என்பது கொஞ்சம் வில்லங்கமான சமாச்சாரம். ஆந்திராவுக்குள் இருக்கிற தமிழ் ஊர்கள். பெரியவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும். பிள்ளைகள் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற சம்பந்தி வீட்டாருக்குத் தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. திருச்சானூரில் கட்டிக்கொடுத்த பெண்ணின் மாமனாருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அதனால் ஒரே தாளில் மேலே தமிழ், கீழே தெலுங்கு, நடுவில் போட்டோ. பஸ் ஸ்டாப்பில் ஒன்று, பால் சென்டரில் ஒன்று, ரேஷன் கடைச் சுவரில் ஒன்று. அதைப் பார்த்துத்தான் வெளியூர் ஆள் எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரிந்துகொள்வான். வாட்ஸப்பில் வந்தாலும் சுவரில் ஒட்டினால்தான் செத்தவருக்கு மரியாதை.

அம்சவேணி கடை போடுவதற்கு முன்னால் இதற்கு டவுனுக்குப் போக வேண்டும். டவுனில் தமிழ் அடிப்பவனிடம் தெலுங்கு இருக்காது, தெலுங்கு அடிப்பவனிடம் தமிழ் பல் விழுந்த மாதிரி வரும். ஏழை வீட்டுச் சாவு நோட்டீஸ் இல்லாமலே போய்விடும். அம்சவேணி வந்த பிறகு சுற்று வட்டாரத்தில் ஒரு பிணமும் பேர் இல்லாமல் ஊரைத் தாண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, மனு, ஹால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் காசு வாங்குவாள். சாவுக்கு வாங்க மாட்டாள்.

அவள் படித்தது ஏழாவது வரைக்கும். அதற்கு மேல் படிக்க ஆசை இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு சைக்கிள்தான் இருந்தது, அதில் அண்ணன் வேதாச்சலம் ஹைஸ்கூல் போனார். அம்மா இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. தரணிதான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். வாங்கியதைக் கீழே போடாமல் இன்றுவரை வைத்திருந்தாள்.

முதல் கம்ப்யூட்டர் சித்தூரில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வாங்கியது. அதில் அவர் ஏற்றிக் கொடுத்த சிஸ்டம் திருட்டுக் காப்பி. பத்து ஊர் ஜனங்களின் பென்டிரைவ் ஏறி இறங்குகிற பெட்டி. ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை வைரஸ் பிடித்து முடங்கும். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி சித்தூர் போவாள். அந்த ஆள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் திருட்டுக் காப்பி ஏற்றிக் கொடுப்பார். "டேட்டா எல்லாம் போயிடுமே" என்றால் "போனா இன்னாம்மா, மறுபடி அடிச்சிக்கோ" என்பார். ஒருமுறை அப்படித்தான் மூன்று ஊர் செத்தவர்களின் படங்கள் போயின. அன்றைக்கு அம்மா பஸ்ஸிலேயே அழுதாள். தரணியின் நைனா கோவர்த்தனன் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும்.

தரணி அப்போது திருப்பதியில் டிகிரி கடைசி வருஷம். அவர்கள் பரம்பரையிலேயே முதல் டிகிரி. காலேஜ் லேபில் லினக்ஸ் என்ற சிஸ்டம் இருந்தது. காசில்லாமல் கிடைப்பது, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் திருட வேண்டியதில்லை. "இத எங்க அம்மா கடையில போடப் போறேன் சார்" என்று துறைத் தலைவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். படித்தவர்களுக்கே இது கஷ்டம், சாதாரண ஜனங்களுக்கு ஒத்துவராது என்றார். சாதாரண ஜனங்கள் என்றால் யார் என்று தரணி கேட்டாள். அதற்கப்புறம் அவர் அவளிடம் அதிகம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றினாள். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் லீவும் போட்டிருந்தாள். அம்மா மூன்றே மூன்று கேள்வி கேட்டாள். எதை அமுக்கினால் எல்லாம் வரும்? போட்டோவை எங்கே வைக்கிறது? பிரிண்ட் எப்படி வரும்? பிரிண்டரைச் சொருகியதும் அது தானே கண்டுபிடித்துக்கொண்டது. சொடுக்கும் நேரத்தில் தமிழிலிருந்து தெலுங்குக்கு எழுத்து மாறியது. திரையில் இருக்கிற சொல் எல்லாவற்றையும் தமிழில் வைக்க முடியும் என்று தெரிந்ததும், "அப்டீன்னா வெச்சிடு" என்றாள். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தரணிக்கு வேலை இல்லை. மாங்காய் ஊறுகாய் போட்டுவிட்டுத் திருப்பதி திரும்பினாள்.

எல்லாமே சுகம் என்று சொல்வதற்கில்லை. விரல் ரேகை வைக்கிற மிஷின் அதில் ஏறவே இல்லை. அந்த வேலையை அம்மா விட்டுவிட்டாள். பழைய தமிழ் எழுத்தில் அடித்த ஃபைல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். உட்கார்ந்து திரும்ப அடிப்பாள். ஆனால் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தப் பெட்டி சித்தூர் போகவில்லை. ஒரு போட்டோகூடத் தொலையவில்லை.

*

முன்னறையில் கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்து, பென்டிரைவைப் பெட்டியின் முகத்தில் சொருகிக்கொண்டிருந்தான். தரணி பின்னாலிருந்து கை நீட்டி அதைப் பிடுங்கினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் சட்டையில் விழுந்தது.

"இன்னா தரணி இது?"

"எழுந்திரு."

"நானும் அத்தைக்குத்தான செய்யறேன்?" கிஷோருக்குக் கண் சிவந்திருந்தது, காலையிலிருந்து நிஜமாகவே அழுதவன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் அவன் கையில். "ஓப்பனே ஆவல. பாஸ்வேர்டு கேக்குது போல. அதுவும் இன்னா கேக்குதுன்னே தெரியல, மொத்தம் தமிழ்ல இருக்குது. எனக்குத் தமிழ் படிக்க எங்க வரும்? இது ப்ரோக்ராமருங்க யூஸ் பண்றது. அத்தை மாதிரி ஆளுங்களுக்கு இதப் போட்டுக் குடுத்து கஷ்டப்படுத்திக்கினு இருந்திருக்க நீ."

"அத்தை மாதிரி ஆளுங்க ஆறு வருசம் ஓட்னாங்க. உன்ன மாதிரி ஆளுக்குத்தான் அரை மணி நேரமா கதவே தெறக்கல."

வாசலில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய அடக்கு" என்றார் வேதாச்சலம். "சாவு ஊட்டுல, ஈரத்தோட நின்னுக்கினு. பொம்பளப் புள்ள மாதிரியா இருக்கிற?"

"அதுல எங்க ஊட்டுக்காரு இருக்காருண்ணா" என்று செல்லியம்மா வாசற்படியிலிருந்தே சொன்னாள். "வருசா வருசம் தெவசத்துக்கு அம்சாதான் படம் எடுத்துக் குடுப்பா. அழிச்சிட்டா நான் யாரு மூஞ்சிக்கு மால போடறது? இவரு கம்பெனிக்கா?"

கிஷோர் நாற்காலியை விட்டு எழுந்தான். அந்தப் படங்கள் விஷயம் அவனுக்குத் தெரியாது. பென்டிரைவைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

தரணி உட்கார்ந்தாள். திரையில் அம்மாவின் பேரும் அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடும். கடவுச்சொல். அவள் வைத்துக் கொடுத்ததை அடித்தாள். தவறு. அம்மாவின் பேர், தன் பேர், பசுவின் பேர், பிறந்த வருஷம். தவறு, தவறு. அவளேதான் அம்மாவிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறாள், நான் வைத்ததை மாற்றிக்கொள், யாரிடமும் சொல்லாதே, என்னிடம்கூடச் சொல்லாதே என்று. அம்மா சொன்னதைச் செய்திருக்கிறாள்.

"பாத்தியா?" என்றான் கிஷோர், மெதுவாகவே.

"வேற வழி இருக்குது. எதையும் அழிக்காம உள்ள போலாம். கொஞ்சம் டைம் குடு."

"எவ்ளோ?"

"ஒரு மணி நேரம். என் லேப்டாப் திருப்பதியில இருக்குது, போன்லதான் எல்லாம்..."

"மணி ரெண்டே முக்கால்" என்றார் வேதாச்சலம். "அடிச்சி, ஒட்டி, ஜனம் வந்து, எப்ப எடுக்கறது? நோட்டீஸே வேணாம் உடு. போன்ல சொல்லியாச்சி. போதும்."

தரணி எழுந்து நின்றாள். ஈரப் பாவாடை காலில் ஒட்டியது. ஊரில் கேணி வெட்டப் போய்ச் செத்த கூலிக்காரனுக்கு நோட்டீஸ் போட்டவள், லாரியில் அடிபட்ட, பேர் மட்டும் தெரிந்த பிகார்ப் பையனுக்கு நோட்டீஸ் போட்டவள், தான் மட்டும் ஒன்றும் இல்லாமல் போவதா? ஏழாவதோடு நிறுத்தினீர்களே, இதையும் நிறுத்துங்கள் மாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியும் இருப்பாள்.

"நவுரும்மா" என்றார் கோவர்த்தனன்.

நைனா பந்தலிலிருந்து எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. காலையிலிருந்து மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷன். நெல்லும் இரண்டு மாடும்தான் அவர் உலகம். 'எங்க நைனாவுக்குப் போன்ல நம்பர் சேவ் பண்ணக்கூடத் தெரியாது' என்று தரணி ஹாஸ்டலில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"நைனா, இது..."

"நவுரு."

உட்கார்ந்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார், தன் கால் நீளத்துக்கு. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் நீட்டி, சாணி ஏறி வெடிப்பு ஓடிய அந்த விரலால், நிதானமாகக் கீபோர்டின் கட்டைகளை அழுத்தினார். வெள்ளைக் கோட்டில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினோரு புள்ளி. திரை திறந்துகொண்டது.

கிஷோர் திரையையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா இது?" என்றான் கிஷோர்.

"மூணு வருசமா சாயங்கால வேல நான்தான பாக்கறேன்" என்றார் கோவர்த்தனன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சக்கரையில அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சி. விளக்கு போட்டப்புறம் எழுத்து தெரியாது. அவ அடுப்பாண்ட இருந்து சொல்லுவா, நான் அடிப்பேன்."

"என்னாண்ட சொல்லவே இல்லியே நைனா" என்றாள் தரணி. கண்ணைப் பற்றியும்தான் கேட்டாள், விரலைப் பற்றியும்தான் கேட்டாள்.

"சொன்னா நீ லீவு போட்டுக்கினு வந்துடுவன்னு அவ சொன்னா. நானும் சொல்ல வேணாம்ன்னேன். ஆம்பள கடையில குந்திக்கினு பொட்டி தட்டறான்னு இந்த ஊர்க்காரனுங்க சிரிப்பானுங்க." ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"யாரு கத்துக் குடுத்தாங்க மாமா?"

"இதுல கத்துக்க இன்னா இருக்குது? எழுதித்தான் வெச்சிருக்குதே." அவர் திரையைக் காட்டினார். திற, சேமி, அச்சிடு. ஊத்துக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போன ஆள் அவர். "படிக்கத் தெரிஞ்சா போதும்."

கிஷோர் அந்தச் சொற்களைப் பார்த்தான். அவனுக்கு அவை வெறும் கோடுகள்.

கோவர்த்தனன் ஒரு வெற்றுத் தாளைத் திறந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். அடித்தார். 'நோட்டீஸ் போடும் அம்சவேணி.' ஊர் முழுக்க அவளை அப்படித்தான் சொல்லும். அடுத்த வரியில், 'இன்று காலை காலமானார்.' அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், 'கணவர் கோவர்த்தனன், மகள் தரணி.'

வேதாச்சலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இன்னா மச்சான் இது. கோவர்த்தனன் அவர்களின் மனைவின்னு மேல வரணும். அப்பால இன்னாரு தங்கச்சின்னு வரணும். அதான வழக்கம். பொம்பளப் பேர மட்டும் பெருசா போட்டா நாளைக்கு சம்பந்தக்காரங்க இன்னா பேசுவாங்க?"

"என்னத் தேடிக்கினு எவன் வந்தான் மச்சான் இந்த ஊருக்கு?" என்றார் கோவர்த்தனன். "வந்தவன் மொத்தம் அவளத் தேடிக்கினுதான் வந்தான். அவ பேரச் சொன்னாத்தான் ஊடு காட்டுவாங்க."

"இல்ல, மொறைன்னு ஒண்ணு..."

"மொற மொறன்னு அவளே முந்நூறு நோட்டீஸ் அடிச்சிட்டா. இத நான் அடிக்கறேன்."

வேதாச்சலம் நிமிர்ந்தார். தரணி அவர் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக, அவரிடம் எதையும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

போட்டோவுக்கு நைனா எங்கும் தேடவில்லை. பெட்டிக்குள் ஒவ்வொரு ஊரின் படங்களுக்கும் ஒரு ஃபோல்டர், அம்மாவுக்கு அது பை. அவர்கள் ஊரின் பையைத் திறந்தார். அதற்குள் 'நம்ம வீடு' என்று ஒன்று. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க நீலத் துணி மாட்டி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தன்னையே எடுத்துக்கொண்ட படங்கள் நாற்பது ஐம்பது இருந்தன. நேராகப் பார்ப்பவை, சிரிப்பவை, பொட்டு கலைந்தவை. அவர் ஒரு படத்தை எடுத்துத் தாளின் நடுவில் வைத்தார். அதில் அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்க, கீழே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கினு இருக்கறாப்ல இல்ல?" என்றது யாரோ ஒரு குரல்.

"வேல செய்யறா" என்றார் நைனா.

பிறகு இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினார். மூலையில் 'த' போய்த் தெலுங்கு 'తె' வந்தது. எழுந்து, நாற்காலியைத் தரணியின் பக்கம் தள்ளினார். "கீழ தெலுங்கு. அது எனக்கு வராது. அவதான் அடிப்பா. நீ அடி."

தரணி உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, தெலுங்கு மீடியம். படிக்க மட்டும் அம்மாவிடம் கற்றுக்கொண்டது. நைனாவுக்குத் தெலுங்கு வராது. இரண்டும் வந்த ஒருத்தி முற்றத்தில் மஞ்சள் பூசி, புதுப் புடவை சுற்றிக் கிடந்தாள். மேலே நைனா போட்ட வரிசையிலேயே, எதையும் கூட்டாமல் குறைக்காமல், கீழே தெலுங்கில் அடித்தாள். பேர், காலம், கணவர், மகள். ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு கட்டைகளின் மேல் விழுந்தது. துண்டின் முனையால் நைனா அதைத் துடைத்தார்.

பிரிண்டர் முனகியது. முதல் தாள் வந்தது. நைனா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எட்டவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். "இருவது போதும்."

"பசை எங்க இருக்குது?" என்று கேட்டான் கிஷோர். "நான் ஒட்டிட்டு வரேன். பஸ் ஸ்டாப், பால் சென்டர், ரேஷன் கடை, வேற?"

"சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு" என்றாள் செல்லியம்மா. "அங்கயும் ஒட்டு. நாலு பேர் பாக்கட்டும்."

தரணி பென்டிரைவை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

*

மூன்றரைக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டு வந்தவர்கள், பால் ஊற்ற வந்து பார்த்தவர்கள், போனில் சேதி கேட்டுப் பாகாலாவிலிருந்து ரயிலேறி வந்த தூரத்து ஜனம். யாரென்றே தரணிக்குத் தெரியாத ஒரு கிழவர் கையில் பழைய நோட்டீஸ் ஒன்றை மடித்து வைத்திருந்தார். தன் மகனுக்கு அம்சவேணி போட்டது என்றார். அதைக் காட்டிவிட்டு மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். செல்லியம்மா தரணியின் தோளை இடித்தாள். "அழுதுடும்மா. நெஞ்ச அடைச்சிக்கும்."

"வரல பெரிம்மா. எனக்கு அழுகையாவே இல்ல." அது பொய் இல்லை. நெஞ்சுக்குள் வேறு என்னவோ நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்த வீட்டில் இடம் போதவில்லை.

நாலு மணிக்கு வாய்க்கரிசி போட்டு முடிந்தது. பாடையின் நாலு மூலையிலும் ஆள் நின்றாயிற்று.

"மச்சான் எங்க?" என்றார் வேதாச்சலம். "யோவ், கோவர்த்தனன் எங்கய்யா?"

தரணிக்குத் தெரிந்தது. உள்ளே போனாள்.

நைனா கடையில் உட்கார்ந்திருந்தார். கையில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்கத்தான் வந்திருக்கிறார். வந்த இடத்தில் மூலையில் சின்னக் கேடயம் ஒன்று எட்டிப்பார்த்து, புதுசாக வந்த அப்டேட்டை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை கேட்கும். ஏற்று என்று அமுக்கி, கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. முக்கால் வாசி இருந்தது.

"நைனா. எல்லாரும் நிக்கறாங்க."

"தோ, முடிஞ்சிடும்" என்றார் அவர். "இது ஓடிக்கினு இருக்கறப்ப அணைச்சா அவளுக்குக் கோவம் வரும்."

தரணி அவர் நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இருவரும் கோட்டைப் பார்த்தார்கள்.

வேதாச்சலம் வேகமாகப் படியேறி வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், திரையையும் அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பிப் படியிறங்கினார்.

"இருங்கப்பா" என்று வெளியே அவர் குரல் கேட்டது. "உள்ள வேல ஆய்க்கினு இருக்குது."

பாடையின் நாலு மூலையிலும் நின்றவர்கள் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.